நல்ல காற்று இருக்கும்போது ஊசி எதற்கு?

அன்புள்ள ஐயா,

மகளுக்கு நாலு மாதம். ஆறாவது வாரம் ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்து விடிய விடிய அழுதாள். அடுத்த ஊசிக்கு நாங்கள் கூட்டிப் போகவில்லை. எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் ஊரில், யாருக்கும் இந்த நோய்கள் வந்து நான் பார்த்ததில்லை. மலைக் காற்று, ஊற்றுத் தண்ணீர், ராகிக் களி என்று வளர்கிறவர்களுக்கு இது எதற்கு? மற்ற பிள்ளைகள் எல்லாம் போட்டாயிற்றே, நோய் எங்கிருந்து வரும்?

பெயர் வேண்டாம், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கைக்குழந்தை இரவெல்லாம் அழுவதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதிதான் பெரும்பாலும் காய்ச்சலைக் கிளப்பும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். வலிப்பு வந்தது, மூச்சு திணறியது என்றால் விஷயம் வேறு, அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

யாருக்கும் வந்து பார்த்ததில்லை என்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா மகனுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. தேயிலைச் சரிவில் வீடு, ரோட்டுக்கு வர எண்பது படி ஏற வேண்டும். பள்ளிக்கூடம் போக அண்ணனைப் பெரியப்பா முதுகில் சுமந்துதான் ஏறுவார். அண்ணனும் இதே காற்றைச் சுவாசித்தவர்தான், இதே களியைத் தின்றவர்தான். இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில், ஹவுராவில். சொட்டு மருந்தால்தான் அது நின்றது. அது நின்றதால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

மற்றவர்கள் போட்டால் போதும் என்பது ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்குத் துளியும் செல்லாது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதே இல்லை. கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. நாளைக்கு உங்கள் மகள் கேரட் தோட்டத்து வரப்பில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வாள். ஊரே ஊசி போட்டிருந்தாலும் அந்தக் காயத்துக்கு அவள் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்திதான் துணை.

தட்டம்மை அப்படியில்லை. காற்றில் வரும். நோய் கண்டவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கேயே மிதக்கும். மே மாத சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள், நெரிசல், மழைக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். தட்டம்மை ஊசியோ ஒன்பது மாதம் முடிந்துதான் போடுவார்கள். அதுவரை உங்கள் மகளைக் காப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசி. நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். அவர்களும் உங்களைப் போலவே நினைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கத்திலுள்ள பாஸ்டியர் நிறுவனத்தை எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். 1907இல் நாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய இடம். தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா, கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியும் அங்கே தயாராகி வெளி மாநிலங்களுக்கெல்லாம் போயிருக்கிறது. நம் மலைக்கு இது அந்நியமான சமாச்சாரம் இல்லை தம்பி.

சரி, வரும் புதன்கிழமையே குழந்தையைக் கூட்டிப் போங்கள். தள்ளிப்போனதற்காக முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்தே போடுவார்கள். அன்று வந்த காய்ச்சலைப் பற்றி நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது என்று குழந்தையின் எடையைப் பார்த்துச் சொல்வார். தடுப்பூசி அட்டையை மறந்துவிடாதீர்கள்.