1817 ‘மூன்று தேவியர்’ கிரௌன்: எடைதான் இடிக்கிறது

உங்களிடமுள்ள கிரௌன் (பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயம்) 24.6 கிராம் எடை, விளிம்பில் எழுத்து இல்லை, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். விளிம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் வில்லியம் வயன் செதுக்கி, புழக்கத்துக்கு விடாமல் மாதிரியாக மட்டும் அடித்த இந்த நாணயத்துக்கு வெற்று விளிம்பு இயல்புதான். 1818இல் புழக்கத்துக்கு வந்த கிரௌனில்தான் எழுத்து இருக்கும்.

இடிப்பது எடை. கிரௌனுக்கு நிர்ணய எடை 28.28 கிராம், வெள்ளி 92.5%. இவ்வளவு குறைவது நல்ல அறிகுறி இல்லை.

டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். காட்டும் எண்ணால் 24.6ஐ வகுத்தால் இந்த வெள்ளியின் அடர்த்தியான 10.3 பக்கம் வரவேண்டும். 9 வந்தால் மட்ட உலோகம். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைத்துக் காட்டும், தட்டிவிடுங்கள். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போடாதீர்கள்.