மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னது?

கேள்வி: எனக்கு வயது 49. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறேழு மாதமாக மலம் கழிக்கும்போது அவ்வப்போது ரத்தம் வருகிறது. வலி இல்லை. மூலச்சூடு என்று துத்திக்கீரை சாப்பிட்டேன், மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டேன். போன மாதம் செக்கப்பில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. அப்பா 58 வயதில் குடல் புற்றுநோய் வந்து இறந்தவர். தம்பி கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்யச் சொல்கிறான். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மலப் பரிசோதனை மட்டும் செய்தால் போதாதா?

பதில்: போதாது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, முக்கியமாக எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கிட்டைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். உங்களுக்கு ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இப்போது கேள்வி.

மூலமாகவே இருக்கலாம். சிவப்பாக, மலத்தோடு கலக்காமல், கடைசியில் சொட்டினால் பெரும்பாலும் அதுதான். ஆனால் நிறத்தை வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. மலக்குடலில் இருக்கும் கட்டியும் அதே சிவப்பில்தான் கசியும். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு ஒன்றாக இருப்பதும் உண்டு. மூலத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே மாதங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்தத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த 9.8. பெண்ணுக்கு என்றால் மாதவிலக்கைக் காரணம் சொல்லலாம். 49 வயது ஆணுக்கு ரத்தம் குறைந்தால் அது எங்கோ ஒழுகுகிறதா என்று தேடியே ஆக வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கம் வரும் கட்டி பல சமயம் வெளியே ஒன்றும் காட்டாது. சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் அளவை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு வந்திருப்பதால் ரத்தமே வராவிட்டாலும் நீங்கள் 40 வயதில் குடலைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கும் இது பொருந்தும். அறிவுரை சொன்னதோடு அவர் நிறுத்திக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கே, அமெரிக்காவில் 50 என்றிருந்த குடல் பரிசோதனைத் தொடக்க வயதை 2021-இல் 45 ஆக்கினார்கள். நம் நாட்டில் தேசிய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான். குடலுக்கு நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

கூச்சம் பற்றி. முதலில் டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்ப்பார், ஒரு நிமிடம்கூட ஆகாது. கொலோனோஸ்கோப்பியில் உண்மையான சிரமம் முதல் நாள் இரவுதான்: பேதி மருந்தை லிட்டர் கணக்கில் கரைத்துக் குடித்துவிட்டு பாத்ரூமிலேயே குடியிருக்க வேண்டும். மறுநாள் மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். உள்ளே பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே கத்தரித்து எடுத்துவிடலாம். எல்லா பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவையும் பொதுவாகப் பத்து ஆண்டு போல எடுத்துக்கொள்ளும். கட்டியாகவே இருந்தாலும் குடல் சுவரைத் தாண்டுமுன் பிடித்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிறவர்கள் அதிகம்.

இந்த வாரமே குடல்நோய் நிபுணரைப் பாருங்கள். இரும்பு மாத்திரையோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பரிசோதனை அன்று மயக்கம் முழுதாகத் தெளிய நேரமாகும், பைக் ஓட்டக் கூடாது. தம்பியையே கூட்டிப் போங்கள். வந்த கையோடு அவருக்கும் ஒரு தேதி வாங்கிவிடலாம்.