ஐந்து நாளில் இலங்கை: வழி கேட்டவர்களுக்குப் பதில்கள்

சுற்றுலா வாகனங்களுக்கு வழித்தடம் போட்டுக் கொடுப்பது வெகுகாலம் என் தொழிலாக இருந்தது. அதனால் வழி, நேரம், பருவம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். எந்த ஹோட்டல் மலிவு என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கோவையிலிருந்து: டிசம்பரில் நானும் மனைவியும் வருகிறோம், 5 நாள். யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, எல்லா (Ella என்ற மலையூர்), காலி ஐந்தும் பார்க்க வேண்டும். எப்படிப் பிரிப்பது?

பிரிக்க வேண்டாம், வெட்டுங்கள். வரைபடத்தில் இலங்கை கையகலம்தான். ஆனால் இங்கே கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போட்டவர் எல்லோரும் இருட்டிய பிறகுதான் அறைக்குப் போய்ச் சேர்வார்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். கொழும்பு – யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஒரு பகல் அதிலேயே போய்விடும். நீங்கள் சொன்ன ஐந்து ஊரையும் சுற்றினால் வேன் ஜன்னல் நன்றாகத் தெரியும், ஊர் தெரியாது.

அடுத்தது மாதம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுப் படகை நம்பி வர முடியாது. யாழ்ப்பாணத்திலும் மழை. அதே மாதத்தில் தெற்குக் கடற்கரை தெளிவாக இருக்கும். ஆகவே உங்களுக்குத் தெற்கு.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி கொழும்புக்குள் நுழையாமல் நேரே கண்டி. விமானம் காலையில் வந்தால் மாலைப் பூசைக்குத் தலதா மாளிகையில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் கோயிலில், இருக்கலாம். மறுநாள் கண்டியிலிருந்து எல்லாவுக்கு ரயில், ஆறேழு மணி நேரம். அன்று வேறு எதுவும் வைக்காதீர்கள், ரயில்தான் அன்றைய சுற்றுலா. மூன்றாம் நாள் எல்லாவிலேயே: காலையில் ஒன்பது வளைவுப் பாலம், வெயிலுக்கு முன் குட்டி சிவனொளிபாத மலை. நான்காம் நாள் வெல்லவாய வழியாக இறங்கி, அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேக வீதியைப் பிடித்தால் மதியத்துக்குப் பிறகு காலிக் கோட்டைக்குள் இருப்பீர்கள். ஐந்தாம் நாள் அதே வீதியில் விமான நிலையம். யாழ்ப்பாணத்துக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள், அதற்கு அது தகுதியான ஊர்.

அப்புறம், உங்கள் தேதிகளில் போயா வருகிறதா என்று பாருங்கள். பௌர்ணமி தோறும் அரச விடுமுறை, மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. வெள்ளி, திங்களில் விழுந்தால் நாடே மலைக்குக் கிளம்பும், ரயிலில் நிற்க இடம் இருக்காது.

இலங்கைக்கு வர எந்த மாதம் நல்லது?

எந்தக் கரைக்கு என்று கேட்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காலி, மிரிஸ்ஸ, மேற்கு மலைச்சரிவு நனையும். அந்த நேரத்தில் திருகோணமலையும் பாசிக்குடாவும் காய்ந்து, கடல் குளம் போல் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு நல்லது. அக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் மழை வரலாம். இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் நல்ல வெயிலில் பார்க்க நினைப்பவர்கள் மார்ச் கடைசியைப் பாருங்கள். ஏப்ரல் நடுவைத் தவிருங்கள். புத்தாண்டுக்கு ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பஸ் குறையும், பாதிக் கடை பூட்டியிருக்கும். நுவரெலியாவில் மட்டும் நேர்மாறு, அங்கே அது சீசன், அறையே கிடைக்காது.

மதுரையிலிருந்து: பெற்றோருடன் 4 நாள். பஞ்ச ஈச்சரங்களை, ஐந்து பழைய சிவன் கோயில்களை, தரிசிக்க முடியுமா?

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். நான்கைத் தரிசிக்க முடியும், ஆனால் கொழும்பில் இறங்காதீர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது. சிறிய விமானம் என்பதால் பெட்டி எடையை முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். பலாலியிலிருந்து கீரிமலை கிட்டத்தான். நகுலேஸ்வரம் அங்கே. கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியில் குளித்துவிட்டுத் தரிசிக்கலாம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்குங்கள்.

இரண்டாம் நாள் பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் இறங்கித் திருக்கேதீச்சரம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகுதான் இந்த வழி சுலபமானது. அங்கிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலை, இருட்டுவதற்குள் போய்விடலாம். மூன்றாம் நாள் காலை கோணேச்சரம். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்தான் வழி, உள்ளே புள்ளிமான்கள் திரியும். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கல்லில் கட்டிய கோட்டை அது. நேரம் இருந்தால் கன்னியா வெந்நீரூற்று, ஏழு சிறு கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும், அப்பா அம்மாவுக்குப் பிடிக்கும். நான்காம் நாள் விடியற்காலையில் கிளம்பி ஹபரண, குருநாகல் வழியாகச் சிலாபம், முன்னேஸ்வரம். அங்கிருந்து கட்டுநாயக்கா ஒன்றரை மணி நேரம். போன வழியே திரும்பாமல் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறீர்கள். குறுகிய பயணத்தில் ஒரு நாளை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது.

ஐந்தாவதான தொண்டேஸ்வரம் தெற்கு முனையில் தேவேந்திரமுனையில் இருந்தது. அதையும் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இன்று அங்கே இருப்பது விஷ்ணு ஆலயம். நான்கு நாளில் அதைச் சேர்க்காதீர்கள். கோயில்கள் மதியம் நடை சாத்தும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டி – எல்லா ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

கிடைத்த பக்கம். பாதை வளைந்து வளைந்து போகும், இரண்டு பக்கமும் முறை வரும்.

விசாக் கட்டணம் இப்போது எவ்வளவு?

அடிக்கடி மாறுகிறது. அரசின் ஈடிஏ (இணையவழிப் பயண அனுமதி) தளத்தில் பாருங்கள். தேடும்போது முதலில் வரும் முகவர் தளங்களில் பணம் கட்டாதீர்கள்.

வேன் எடுப்பதா, ரயில் பஸ்ஸிலேயே போவதா?

இரண்டு பேர், பெட்டி சிறிது, நாலைந்து ஊர் என்றால் ரயிலும் பஸ்ஸும் போதும். நான்கு பேருக்கு மேல், சிறு பிள்ளை, முதியவர் என்றால் வேன். ஆனால் "இன்றைக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மாத்தளை வழியில் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் கமிஷனுக்காக நிறுத்துவார்கள், பார்க்க இலவசம். ஒருவர் கறுவா (இலவங்கப்பட்டை) இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டுவார். மூலிகைக் களிம்பை உங்கள் காலில் தடவி, பேசிக்கொண்டே சில நிமிடத்தில் முடியை வழித்துக் காட்டுவார். கடைசியில் சிறு போத்தல்களும் விலைப்பட்டியலும் வரும், விலையைப் பார்த்தால் தலையில் இருக்கும் முடியும் கொட்டும். ஒன்றரை மணி நேரம் போய்விட்டிருக்கும். தம்புள்ளைக் குகைக்கு வைத்திருந்த நேரம் அது.

கண்டியிலிருந்து ஓர் ஓட்டுநர்: ஐயா, எங்கள் எல்லோரையும் கமிஷன்காரர் ஆக்கிவிட்டீர்கள். நாள் வாடகையில் அடிமாட்டு விலை பேசிவிட்டு, கடைக்கும் போகாதே என்றால் நாங்கள் எப்படி வாழ்வது?

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். வாடகையைக் கசக்கிப் பிழிந்தவர்தான் அந்தக் களிம்புக்கு அதிகம் கொடுக்கிறார், அது அவருக்குத் தெரிவதில்லை. தோட்ட வாசலில் வண்டி எண்ணைக் குறிக்கும் கொப்பி எதற்கு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆகவே பயணிகளுக்குச் சொல்கிறேன்: எரிபொருள், ஓட்டுநர் சாப்பாடு, தங்குமிடம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடியுங்கள். சில ஹோட்டல்களில் ஓட்டுநருக்கு அறை உண்டு, சிலவற்றில் மனிதர் வண்டியிலேயே படுப்பார். மலைப்பாதையில் உங்கள் உயிர் அவர் தூக்கத்தில் இருக்கிறது.

டொராண்டோவிலிருந்து: கடை வேண்டாம் என்று சொன்ன பிறகும் எங்களை இரத்தினக் கடையில் நிறுத்தினார்கள். கமிஷனை நியாயப்படுத்துகிறீர்களா?

இல்லை. அப்படி நிறுத்தினால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். சண்டை வேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும்.

அதே ஓட்டுநர்: சில ஆட்கள் தாங்களே கடை கேட்பார்கள், அதையும் எழுதுங்கள்.

உண்மை, எழுதிவிட்டேன். கேட்டுப் போவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இந்த விஷயம் இத்துடன் போதும். இதைப் பற்றியே இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள், வழி கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

6 நாள்: சிகிரியா, கண்டி, எல்லா, யால, காலி, முடிந்தால் யாழ்ப்பாணம்.

"முடிந்தால்" என்று கடைசியில் போட்டால் தூரம் குறையாது. யாழ்ப்பாணத்தை எடுத்துவிடுங்கள். சிகிரியாவுக்குக் காலை திறந்ததும் போங்கள், ஏறக்குறைய 1200 படி, பத்து மணிக்கு மேல் பாறை சுடும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, பாஸ்போர்ட் கையில் வேண்டும். யால வனவிலங்குப் பூங்கா செப்டம்பரில் என்றால் முதலில் விசாரியுங்கள், வறட்சிக்காக முதல் வட்டாரத்தை மூடுவது வழக்கம். போயா பாருங்கள்.

5 நாள், யாழ்ப்பாணம், எல்லா, காலி...

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜூலையில் சிவனொளிபாத மலை ஏறலாமா?

வேண்டாம். பருவம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை. மற்ற மாதங்களில் படியில் விளக்கு எரியாது, தேநீர்க்கடை இருக்காது, மழையும் காற்றும்தான்.

ரயிலில் வலப்பக்கமா, இடப்பக்கமா?

தயவுசெய்து.

ரயிலுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை. டிக்கெட்டை மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார்கள்.

வாங்காதீர்கள். பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், கண்டி – எல்லா உடனே தீர்ந்துவிடும். பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றைக்கே நிலையத்தில் கிடைக்கும். நானுஓயா வரை நின்றால் அங்கே நிறையப் பேர் இறங்குவார்கள், நுவரெலியாவுக்கு அதுதான் நிலையம். கதவில் தொங்கிப் படம் எடுக்க மட்டும் போகாதீர்கள், அந்தப் பாதையில் சுரங்கங்கள் நிறைய.

திருச்சியிலிருந்து: நாகப்பட்டினம் கப்பலில் வந்து யாழ்ப்பாணத்தில் மட்டும் 2 நாள் இருக்கலாம் என்று நினைக்கிறோம். வீணா?

எல்லாக் கேள்வியிலும் கெட்டிக்காரக் கேள்வி இதுதான். கப்பல் காங்கேசன்துறையில் இறக்கும். கடல் சரியில்லாத நாளில் ஓடாது, மாரிக் காலத்தில் திட்டத்தை அதன் மேல் கட்டாதீர்கள். முதல் நாள் மாலை நல்லூர். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி வசதி. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா, அப்போது வருவதென்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டிய நூலகத்தையும் பார்த்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலை பஸ் ஏறிக் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் நயினாதீவு, இருபது நிமிடம் இருக்கும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடந்தே பார்க்கலாம். நெடுந்தீவுக்கும் அதே துறையிலிருந்துதான் படகு, ஆனால் ஒரு மணி நேரப் பயணம், குதிரைகளைப் பார்க்க அங்கே வண்டியும் பிடிக்க வேண்டும். இரண்டு தீவையும் ஒரே நாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். எந்தத் தீவில் இறங்கினாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.