கேனில் வந்த கடல்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு மண்டபத்தில் மீன் காட்சியகத்தைப் பார்த்த நாள் முதல் என் மகளுக்குக் கோமாளி மீன் மீது பைத்தியம். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பங்குனியில் 100 லிட்டர் தொட்டி ஒன்று வாங்கினேன். ராமேஸ்வரம் போய்த் திரும்பிய நண்பரின் காரில் ஐந்து கேன் கடல்நீர் வந்தது. கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டுகள் இரண்டையும் அவரே கொண்டுவந்து தர, உள்ளே வைத்தேன். மறுநாளே இரண்டு கோமாளி மீன்களும் மூன்று நீல மீன்களும் வாங்கி விட்டேன். பன்னிரண்டாம் நாள் கடைசி மீனும் மிதந்தது. மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மதுரை வெயிலுக்கு இதெல்லாம் ஆகாது என்கிறார் கடைக்காரர். பாவத்தைக் காசு கொடுத்து வாங்காதே என்கிறார் அம்மா. நன்னீர் மீனுக்கு மாறிவிடலாமா, இன்னொரு முறை முயலலாமா?

செ., திருநகர், மதுரை

அன்புள்ள செ.,

கடைக்காரர் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டார். ஒரு நாள் வயதான தொட்டிக்கு ஐந்து மீன்களை விற்றவர் வேறு என்ன சொல்வார்? வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது கூட்டாளிதான், முதல் குற்றவாளி அம்மோனியா.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுவே வரும். இதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஒரு நாள் கொடுத்தீர்கள். இதில் கடல்நீருக்கென்று ஒரு கொடுமை இருக்கிறது. அதன் பி.எச். 8.2 அளவில் காரத்தன்மை கொண்டது. காரமும் சூடும் கூடக் கூட, நீரில் இருக்கும் அம்மோனியாவில் செவுளுக்குள் புகக்கூடிய நச்சு வடிவத்தின் பங்கு ஏறும். தங்கமீன் சமாளித்துவிடும் அளவு பங்குனி மாதத்துக் கோமாளி மீனைக் கொன்றுவிடும்.

கேனில் வந்த கடலும் சும்மா வரவில்லை. கரையோர நீர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மூடிய கேனில், வெயிலில் நின்ற காரின் பின்பக்கத்தில், மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் அவற்றில் பாதி செத்து அழுகத் தொடங்கியிருக்கும். மீன் வருவதற்கு முன்பே தொட்டியில் விஷத்துக்கு விதை போட்டாயிற்று.

நம் ஊருக்குக் கடலை வரவழைத்த ஒருவர் உண்டு. மீனாட்சியாகிய தடாதகையின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டபோது, சொக்கநாதர் ஏழு கடலையும் ஒரே குளத்துக்கு அழைத்தார் என்பது திருவிளையாடல். ஏழுகடல் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே போனால் கடல் கிடைக்காது, கடைகள்தான் கிடைக்கும். நமக்கு அந்தச் சலுகை இல்லாததால் கடல் உப்புக் கலவையை வாங்கிக் கரைக்க வேண்டியதுதான். லிட்டருக்கு 35 கிராம், உங்கள் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு உதவாது, அதில் மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் கடலில் உள்ள விகிதத்தில் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரும் வேண்டாம். ஆர்.ஓ. நீரில் கரையுங்கள், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கரைத்த நீரின் அடர்த்தியை, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.025 இருக்க வேண்டும். தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். நான் முதல் வருடம் ஆறு மாதம் உப்புநீரையே ஊற்றி, தொட்டியை மெல்ல மெல்ல ஊறுகாய் ஜாடியாக்கிக்கொண்டிருந்தேன். மீன்கள் ஏன் மூலையில் ஒடுங்குகின்றன என்று கேட்டு ஊரெல்லாம் அலைந்தேன்.

அந்தப் பவளத் துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பாறை கட்டும் பவள இனங்கள் எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. செத்துக் கரை ஒதுங்கியதும் அதில் சேர்த்தி. திருப்பிக் கொண்டுபோய்க் கடலிலேயே போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு பயணிப்பதும் குற்றமே. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். இரண்டு துண்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைக்கலாம். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் என்று மன்னார் வளைகுடாவில் பல காலம் பவளத்தை வெட்டி அள்ளினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போனால் மணல் எத்தனை நாள் நிற்கும்?

என் தொட்டியில் பவளம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவே வெளுத்தது. அத்தனை பெரிய கடலால் முடியாததை நம் வீட்டுக் கூடத்தில் நடத்திக்காட்ட வேண்டுமானால், நீரைக் குளிர்விக்கும் பெரிய சில்லரும் அது இராப்பகலாக ஓட மின்சாரமும் வேண்டும். செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனமும் இல்லை, மாதாமாதம் பில் கட்டும் தெம்பும் இல்லை.

மீன் மட்டும் என்றால் மதுரையில் முடியும். தொட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலோ மேற்குச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், நீர்ப்பரப்பின் மேல் சிறிய விசிறி ஒன்று ஓடட்டும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்குதான். காற்று வறண்டிருக்கும் நம் ஊரில் இது நன்றாக வேலை செய்யும், புழுக்கத்தில் கிடக்கும் சென்னைக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. என் தொட்டியில் மூன்று டிகிரி வரை இறங்குகிறது. பதிலுக்குச் சித்திரை, வைகாசியில் நாளுக்கு நான்கு லிட்டர் நீர் விட வேண்டியிருக்கிறது.

வெயிலைவிட எனக்குப் பயம் மின்வெட்டுதான். சில ஆண்டுகளுக்கு முன் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க, முந்தின நாள் மாலையே குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம். தல்லாகுளத்தில் எதிர்சேவை, இரவெல்லாம் தெருவில், விடியற்காலையில் வைகை. வீடு திரும்பப் பத்து மணி. எங்கள் தெருவில் நள்ளிரவிலேயே மின்சாரம் போயிருக்கிறது. உப்புநீர் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். சூடேறினால் அதுவும் குறையும். நீரைச் சுழற்றும் பம்பு நின்றுபோய், அறையும் வெந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஐந்து மீன்களில் நான்கு போய்விட்டன. மின்சாரத்தைத் திட்டிப் பயனில்லை. மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு சிறு விலைக்குக் கிடைக்கிறது, அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டவன் நான்தான்.

பிழைத்தது கோமாளி ஜோடியில் சிறியது, ஆண். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகி அதிகாரம் செலுத்தும். உங்கள் வீட்டில் மதுரையா சிதம்பரமா என்று கேலி பேசுவோமே, இந்த மீன் வீட்டில் எப்போதும் மதுரைதான். பெண் செத்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். என் ஒற்றை மீனோடு சேர்க்க ஒரு சின்ன மீனை வாங்கிவிட்டேன். சில மாதங்களில் பழையது தடித்து, புதியதை விரட்டி, தொட்டிக்கு ராணியாகிவிட்டது. பிறகு முட்டையும் வைத்தது. முட்டைக்கு விசிறி வீசிக் காவல் காத்தவர் கணவர்தான்.

கோமாளி மீன் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) வேண்டுமே என்று மகள் கேட்பாள். அதற்கு நல்ல வெளிச்சமும் பழுத்த தொட்டியும் வேண்டும், இப்போது வேண்டாம். அது இல்லாமலே கோமாளி மீன் சுகமாக இருக்கும். என்னுடையவை ஒரு உடைந்த மண்சட்டிக்குள் தூங்குகின்றன.

அம்மா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று ஒரு நாரை வரம் வாங்கிய கதை அவருக்குத் தெரிந்திருக்கும். குளத்தில் மீன் இருந்தால் தன் இனம் பாவம் செய்துவிடும் என்று அந்த நாரைக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. நமக்கும் அந்த அளவு தெரிந்தால் நல்லது. கடலில் பிடித்த மீனை வாங்குவதில் எனக்கும் உடன்பாடில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வித்தை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்துக்கும் பல ஆண்டுகளாகக் கைவந்தது. பண்ணையில் பிறந்ததுதானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், மழுப்பினால் இறங்கி வந்துவிடுங்கள்.

முயலலாமா என்று கேட்டீர்கள். பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. நீங்கள் வெளியூர் போனால் நீர் விட யார் இருக்கிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். ஆள் இருந்தால், மூன்று மாதம் மீனே இல்லாமல் தொட்டியை ஓடவிடுங்கள். ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டால் பாக்டீரியாவுக்கு அதுவே தீனி. மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வெப்பம், உப்பு, அம்மோனியா, நைட்ரைட் நான்கையும் அவள் அளந்து எழுதட்டும். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு இரண்டே இரண்டு மீன். அதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டால் தொட்டியை விற்றுவிடலாம், ஒரு உயிரும் போயிருக்காது.

பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய தொட்டியின் கல்லை வைத்தால் புதிய தொட்டி சீக்கிரம் பழகும். என் வடிகட்டியில் இருக்கும் பீங்கான் வளையங்களில் ஒரு கைப்பிடி தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். வாயகன்ற டப்பா ஒன்று எடுத்து வாருங்கள், வளையங்கள் வழியில் உலரக் கூடாது. மகளையும் அழைத்து வாருங்கள், ராணியம்மாளுக்குத் தீனி போடும் நேரம் ஏழரை மணி.