மஞ்சள் வானமும் புது 4கே பெட்டியும்: ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு முன்பதிவு செய்யலாமா?

கேள்வி: ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ கௌபாய் படத்தின் 2014 ப்ளூரே என்னிடம் இருக்கிறது. படம் முழுக்க மஞ்சளாகத் தெரிகிறது. டிவியில் கோளாறா, டிஸ்க்கே அப்படியா? நல்ல 4கே பெட்டியாக வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறேன். அடுத்த அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்துவிடலாமா? டிவி 55 அங்குலம், சோபா எட்டடி தள்ளி இருக்கிறது. பிளேயர் இந்தியாவில் வாங்கிய சாதாரண ப்ளூரே பிளேயர்.

பதில்: டிவியைச் சந்தேகப்பட வேண்டாம், டிஸ்க்கே அப்படித்தான். முன்பதிவைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் ‘4கே’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இந்தப் படத்துக்கு எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், எந்த நீளம், எந்த ஒலித்தடம் என்ற மூன்றும்தான் முக்கியம். 4கேயா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் மஞ்சள். 2009-இல் வந்த முதல் ப்ளூரேயில் படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அதிகமாக ஏற்றியதால் முகங்கள் மெழுகு பூசியது போல் இருந்தன. 2014 பதிப்பு, இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்தில் செய்த 4கே மீட்டெடுப்பிலிருந்து வந்தது. தாடி, வியர்வை, துணியின் இழை எல்லாம் அதில் திரும்பக் கிடைத்தன, ஆனால் வண்ணத்தைச் சரிசெய்த இடத்தில் மஞ்சள் ஏறிவிட்டது. வானம் பச்சை கலந்த நீலமாகவும் வெள்ளைச் சட்டைகள் கிரீம் நிறமாகவும் ஆகிவிட்டன. 2017-இல் அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கினோ லார்பர் வெளியிட்ட ப்ளூரேயில், குறுகிய தியேட்டர் வடிவத்துக்கு மட்டும் இந்த மஞ்சளைக் குறைத்தார்கள்.

எந்தப் புதிய பதிப்பின் வண்ணத்தையும் எடைபோட இந்தப் படத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. கதாநாயகனும் அவன் கூட்டாளி ட்யூகோவும் பாலைவனத்தைத் தாண்டி வண்டியில் வரும்போது எதிரே ஒரு குதிரைப்படை தெரிகிறது. சீருடை சாம்பல் நிறம், அப்படியானால் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தெற்குப் படை என்று ட்யூகோ வாழ்க கோஷம் போடுகிறான். படைத்தலைவன் கையைத் தட்டுகிறான், தூசி உதிர்கிறது, அடியில் வடக்குப் படையின் நீலம். காட்சியின் நகைச்சுவை முழுவதும் சாம்பலுக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் ஏறிய பிரதியில் சாம்பல் காக்கியாகிவிடும், நீலமும் மங்கிவிடும். விமர்சனங்களில் வரும் ஒப்பீட்டுப் படங்களில் இந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எச்டிஆர் (வெளிச்ச வீச்சு கூடிய) டிஸ்க்கிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள் சாதாரணத் திரைக்காக மாற்றப்பட்டவை. அவற்றில் நுணுக்கத்தைப் பார்க்கலாம், வெளிச்சத்தை நம்பக்கூடாது.

அதுவரை உங்கள் 2014 டிஸ்க்குக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. டிவியின் கலர் டெம்பரேச்சர் ‘வார்ம் 2’-இல் இருந்தால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் ‘வார்ம் 1’-க்கு மாற்றிப் பாருங்கள். வெள்ளை ஓரளவு தெளியும். ‘டின்ட்’டைத் தொடாதீர்கள், முகங்கள் கெட்டுவிடும்.

அடுத்தது ஸ்கேன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1966-இல் வந்த இந்தப் படத்தை செர்ஜியோ லியோனேவும் ஒளிப்பதிவாளர் டோனினோ டெல்லி கோல்லியும் டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தார்கள். அகலத்திரைக்கு வழக்கமாக, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் அனமார்ஃபிக் லென்ஸைப் போட்டு, 35 எம்எம் பிலிமில் ஒரு பிரேமுக்கு நான்கு ஓரத்துளை உயரம் எடுப்பார்கள். டெக்னிஸ்கோப்பில் சாதாரண லென்ஸ், இரண்டே துளை. பிரேம் சுமார் 22 மிமீ அகலம், ஒன்பதரை மிமீ உயரம். 1000 அடிச் சுருள் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும். இத்தாலியத் தயாரிப்பாளர்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லாபம் காசில் மட்டும் இல்லை. அந்தக் கால அனமார்ஃபிக் லென்ஸ்கள் பொருளை அருகில் ஃபோகஸ் செய்யத் திணறும். சாதாரண லென்ஸ் அருகே போகும், முன்னாலும் பின்னாலும் ஒருசேரக் கூர்மையாகக் காட்டும். திரையை நிரப்பும் அந்தக் கண்களுக்கும், ஒரு முகத்துக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் நிலத்துக்கும் இந்த முறை கைகொடுத்தது.

பிரேம் சிறியது என்பதால் கிரெய்ன், அதாவது பிலிமின் மணல் போன்ற புள்ளிகள், பெரிதாகத் தெரியும். ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) விஸ்டாவிஷனில் எடுக்கப்பட்டது. பிலிம் படுக்கைவாட்டில் ஓடும், பிரேமுக்கு எட்டுத் துளை. பரப்பளவில் டெக்னிஸ்கோப்பைப் போல் சுமார் நாலரை மடங்கு. வார்னர் ஆர்க்கைவ் 2024 இறுதியில் வெளியிட்ட அதன் 4கே டிஸ்க்கைப் பார்த்துவிட்டு லியோனே படத்திலும் அதே வழவழப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அந்த வழவழப்பு டெக்னிஸ்கோப் நெகட்டிவிலேயே கிடையாது. இந்தப் படத்தில் கிரெய்னே தெரியாத பிரதி என்றால் யாரோ துடைத்துவிட்டார்கள் என்று பொருள். கிரெய்னோடு தோலும் துணியும் போயிருக்கும்.

அறிவிப்பில் ‘ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து (படப்பிடிப்பில் கேமராவில் ஓடிய பிலிமிலிருந்து) 4கே ஸ்கேன்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘4கே ரீஸ்டோரேஷன்’ அல்லது ‘4கே ரீமாஸ்டர்’ என்றால் மூலம் எது என்று தெரியாது. இன்டர்பாசிட்டிவ் என்ற இடைப்பிரதியிலிருந்து எடுத்திருக்கலாம். சாதாரண 35 எம்எம் படத்தில் அதனால் வரும் நஷ்டம் குறைவு. டெக்னிஸ்கோப்பில் அதிகம், ஏனென்றால் இடைப்பிரதி எடுக்கும்போதே இரண்டு துளைப் பிரேமை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கி, நான்கு துளைக்கு நீட்ட வேண்டும். கூர்மை அங்கேயே குறைந்து கிரெய்ன் ஏறிவிடும். அன்றைய தியேட்டர் பிரதிகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. டெக்னிகலரின் சாய அச்சு முறையில், அச்சு வார்ப்புகளைத் தயாரிக்கும் அதே படியிலேயே பெரிதாக்கும் வேலையும் முடிந்துவிடும்.

இனி நீளம். ஆங்கிலத்தில் தியேட்டரில் ஓடிய வடிவம் சுமார் 161 நிமிடம். 2003-இல் இத்தாலிய வடிவத்தின் காட்சிகளைச் சேர்த்து 179 நிமிட நீள வடிவத்தை உருவாக்கினார்கள். அந்தக் காட்சிகளுக்கு ஆங்கில வசனம் கிடையாது என்பதால் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் மறுபடி டப்பிங் பேசினார்கள். ஈஸ்ட்வுட் எழுபதைத் தாண்டியிருந்தார், வாலக்குக்கு எண்பத்தேழு. வில்லனாக நடித்த லீ வான் கிளீஃப் 1989-இலேயே மறைந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல். 36 வயது முகத்திலிருந்து கிழவர் குரல் வருவது முதல் முறை கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போடும். ட்யூகோ குகையில் ஆள் சேர்க்கும் காட்சி, ரோம் முதல் காட்சிக்குப் பிறகு லியோனேவே வெட்டியது. அதையும் சேர்த்துவிட்டார்கள். எங்கள் கட்சி 161. நீளமானதை ஒருமுறை ஆர்வத்துக்காகப் பார்க்கலாம், ஓட்டம் குட்டையானதில்தான் இருக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், 2021-இல் வந்த கினோ லார்பர் 4கே டிஸ்க்கில் தியேட்டர் வடிவம் மட்டுமே உண்டு. உங்கள் 2014 டிஸ்க்கில் இருப்பதோ நீள வடிவம். ஆகவே ஒன்றை வாங்கியதும் மற்றதை விற்றுவிடாதீர்கள். இனி வரும் பெட்டியில் இரண்டும் 4கேயில் இருக்குமா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் டிவிடிகளில் சுமார் 154 நிமிடம் என்று போட்டிருந்தால் வெட்டு என்று பதற வேண்டாம். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் நொடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டுவதால் நான்கு சதவீதம் சுருங்கும்.

ஒலித்தடத்துக்கு வருவோம். இது பிறவியில் மோனோ (ஒற்றைச் சேனல்) படம். 2003-இல் செய்த 5.1 (ஆறு சேனல்) கலவையில் துப்பாக்கி, பீரங்கிச் சத்தங்களில் பலவற்றைப் புதிதாகப் போட்டார்கள். குண்டு தெறித்துச் சீறும் அந்தப் பழைய ஓசை போய், நவீன ஆக்‌ஷன் படத்தின் தடிமனான வெடி வந்துவிட்டது. எனவே மோனோ வேண்டும். அதிலும் ஒரு தந்திரம் உண்டு: 5.1-ஐயே மடித்து இரண்டு சேனலில் போட்டு மோனோ என்று பெயர் வைப்பதுண்டு. ‘ஒரிஜினல் தியேட்ரிகல் மோனோ’ என்ற சொற்களைத் தேடுங்கள். வந்தபின் இரண்டு தடத்திலும் ஒரே துப்பாக்கிச் சூட்டை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வெடி அச்சு அசலாக ஒன்றே என்றால் அது மடித்த மோனோ.

டிஸ்க் கொள்ளளவைப் பலர் பார்ப்பதே இல்லை. கிரெய்ன் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் சுருக்குவதற்குக் கடினமானது, பிட்ரேட்டை (நொடிக்கு ஓடும் தரவின் அளவை) விழுங்கும். 161 நிமிடப் படத்தை 100 ஜிபி டிஸ்க்கில் போட்டால் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 80 மெகாபிட் கிடைக்கும். 66 ஜிபியில் சுமார் 54. இரண்டு வடிவங்களையும் தனித்தனியே ஒரே 100 ஜிபி டிஸ்க்கில் திணித்தால் 39-தான். அது ஏறக்குறைய ஒரு நல்ல ப்ளூரேயின் அளவுதான். பொதுவான காட்சிகளை ஒருமுறை மட்டும் பதித்து, கூடுதல் 18 நிமிடத்தைப் பிளேயரே இடையில் சேர்க்கும் ‘சீம்லெஸ் பிரான்ச்சிங்’ என்றால் பரவாயில்லை. ஆனால் இரு வடிவங்களின் வண்ணமும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். ஒன்று மஞ்சள், ஒன்று திருத்தியது என்றால் முடியாது. வடிவத்துக்கு ஒரு டிஸ்க் என்று வரும் பெட்டியே மேல்.

இப்போது உங்கள் பிளேயர். சாதாரண ப்ளூரே பிளேயர் 4கே டிஸ்க்கைப் படிக்கவே படிக்காது, புதிது வேண்டும். 4கே டிஸ்க்குகளுக்கு, எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற ரீஜன் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். ப்ளூரே ரீஜன்கள் இப்படி: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. அமெரிக்கப் பெட்டியில் சிறப்பு இணைப்புகளும் நீள வடிவமும் ப்ளூரேயில் இருந்தால், இந்தியாவில் வாங்கிய பிளேயரில் அந்தப் பகுதி ஓடாமல் போகலாம். பெட்டி விவரத்தில் எது எந்த டிஸ்க்கில் என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து பிளேயர் தருவித்தால் பின்புறம் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க் மாடலிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் 4கே டிஸ்க் ஓடும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை மட்டும் வராது, அதற்குப் பதில் எளிய எச்டிஆர்10-இல் காட்டும். இந்தப் படத்துக்கு அது பெரிய குறையில்லை. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ பெயரில் 4கே உண்டு, 4கே டிஸ்க் ஓடாது.

எட்டடியில் 4கே தெரியுமா? 55 அங்குலத் திரையில் சுமார் ஏழடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், சராசரிக் கண்ணுக்கு எச்டிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு 2.35 அகலப் படம் என்பதால் 2160 வரிகளில் 1634 வரிகளில்தான் படம், மீதி மேலும் கீழும் கருப்பு. ஜூம் செய்து நிரப்பாதீர்கள், மூவர் நிற்கும் இறுதி மோதலில் இருவர் ஓரத்தில் வெட்டுப்படுவார்கள். ஆகவே உங்கள் அறையில் லாபம் தெளிவில் குறைவு, வண்ணத்திலும் பிட்ரேட்டிலும்தான் அதிகம். சோபாவை இரண்டடி முன்னால் இழுக்க முடிந்தால் அதுவும் நல்லது, செலவும் இல்லை. டிவியில் ஃபில்ம்மேக்கர் மோடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மோஷன் ஸ்மூதிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்து, ஷார்ப்னஸை இறக்குங்கள். பிளேயர் செருகிய எச்டிஎம்ஐ துளைக்கு டிவி மெனுவில் ‘என்ஹான்ஸ்டு’ அல்லது ‘டீப் கலர்’ இயக்கியிருக்க வேண்டும். கேபிள் 18 ஜிகாபிட் தாங்குவதாக இருக்கட்டும். இடையில் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால், அது எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்காவிட்டால் திரை கருப்பாகவே நிற்கும். அப்போது படத்தை நேராக டிவிக்கும், ஒலியை மட்டும் ரிசீவருக்கும் அனுப்புங்கள். பிளேயரில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் வேலை எளிது.

முன்பதிவு செய்வதில் ஒரே நியாயம், எண்ணிக்கை குறைந்த சிறப்புப் பெட்டி தீர்ந்துபோகும் என்பது. அட்டை, புத்தகம், போஸ்டர் எல்லாம் வேண்டுமென்றால் பதிவு செய்யுங்கள், ஆனால் டிஸ்க் கிளம்பும் வரை ரத்து செய்ய அனுமதிக்கும் கடையில். படம் மட்டும் போதும் என்றால் வெளியாகி மூன்று வாரம் பொறுங்கள். நீள வடிவத்திலிருந்து குட்டையை வெட்டி எடுக்கும்போது சேரும் இடங்களில் சில பிரேம் விடுபடுவது, ஒலி நழுவுவது போன்ற பிழைகள் முதல் அச்சில்தான் தலைகாட்டும். பெரும்பாலான நிறுவனங்கள் மாற்று டிஸ்க் அனுப்பும், சில நாடுகளுக்கு மட்டும் அனுப்புவதும் உண்டு.

டிஸ்க் வந்ததும் அலமாரியில் வைக்காமல், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முழுப் படத்தையும் ஓட்டிவிடுங்கள். 100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்கு. ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விலை குறைந்த சில பிளேயர்கள் உறைந்து நிற்கும். முதலில் பிளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்படியும் அதே நொடியில் நின்றால் இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கும் நின்றால்தான் டிஸ்க் பழுது. நேரக்குறியோடு திரையைப் படம் எடுத்துப் புகாருடன் அனுப்புங்கள்.