இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஒரு மெத்தை

கேள்வி: என்னிடம் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், யூஎஸ்பி வசதியுள்ள ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), லேப்டாப் இருக்கின்றன. பெரும்பாலும் இரவில் தனியாகத்தான் பாட்டு கேட்பேன். சென்ற மாதம் ஒரு கடையில் ‘கிராஸ்டாக் கேன்சலேஷன்’ செய்யும் டிஜிட்டல் பெட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டே ஸ்பீக்கரில் ஒலி என் தோளுக்குப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தது. விலை, என் ஸ்பீக்கர், ஆம்ப் இரண்டையும் சேர்த்த விலையைவிட அதிகம். முன்பணம் கட்டினால் வரவழைத்துத் தருவார்களாம், திருப்பி எடுக்க மாட்டார்களாம். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போதைக்கு முன்பணம் கட்டாதீர்கள். கடையில் நீங்கள் கேட்டது நிஜம்தான். அது உங்கள் வீட்டுக்கும் வருமா என்பதைக் காசு செலவில்லாமல் சோதித்துவிடலாம். பெட்டியைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

ஸ்டீரியோ என்றால் இடது ஸ்பீக்கர் இடது காதுக்கு, வலது ஸ்பீக்கர் வலது காதுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இடது ஸ்பீக்கரின் ஒலி தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் போகிறது. வழக்கமான அமைப்பில் சுமார் கால் மில்லி விநாடி பிந்தி, கொஞ்சம் அடங்கிப் போகிறது. இந்தக் கசிவுதான் கிராஸ்டாக். இதனால் இசை மேடை, அதாவது பாடகரும் வாத்தியங்களும் நிற்பதாகத் தோன்றும் பரப்பு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே அடங்கிவிடுகிறது. பலர் கவனிக்காத இன்னொரு தொல்லையும் உண்டு. நடுவில் நின்று பாடும் குரல் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு முறை வந்து சேர்வதால், 2,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. குரலின் தெளிவு குடியிருக்கும் இடம் அது.

இந்தக் கசிவை அழிப்பதுதான் கிராஸ்டாக் கேன்சலேஷன். வலது காதுக்குக் கசியப்போகும் ஒலியை முன்பே கணக்கிட்டு, தலைகீழாக்கி, வலது ஸ்பீக்கரிலிருந்து அனுப்பினால் இரண்டும் காதருகே சந்தித்து அழிந்துபோகும். ஆனால் அழிக்க அனுப்பிய ஒலியும் இடது காதுக்குக் கசியுமே? அதை அழிக்க இன்னொன்று, அதையும் அழிக்க மற்றொன்று என்று தேய்ந்துகொண்டே போகும் ஒரு சங்கிலி இது. 1960களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அடல் கான்பூரில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். செல்போனில் பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு அமெரிக்க ஆடியோ வடிவமைப்பாளர் பாப் கார்வர் இதை ‘சோனிக் ஹாலோகிராஃபி’ என்று ப்ரீஆம்பில் (ஆம்புக்கு முன்னால் வரும் கருவியில்) வைத்து விற்றார். போல்க் ஸ்பீக்கர் நிறுவனம் 1980களில் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே கூடுதல் டிரைவர்களை (ஒலியெழுப்பும் கூம்புகளை) வைத்து, இரண்டு பெட்டிகளையும் ஒரு கேபிளால் இணைத்தது. ஸ்பீக்கர்களை நெருக்கி வைத்துக் கசிவை அழிக்கும் ரால்ஃப் கிளாஸ்கலின் ஆம்பியோஃபோனிக்ஸ் முறையில் வந்த ‘ரேஸ்’ என்ற கணக்கு எளிமையானது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்கர் சூயெரி உருவாக்கிய ‘பேக்’ உங்கள் காதுத் துளையில் சின்ன மைக் வைத்து உங்கள் தலைக்கே அளவெடுக்கும், தையற்காரர் மாதிரி. தலை அசைந்தால் கேமரா பார்த்துத் திருத்தும் வசதியும் அதில் உண்டு. உங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அவருடைய பெட்டி உங்கள் தலைக்கு அளவெடுக்குமா, அல்லது எல்லோருக்கும் ஒரே சட்டையா?

இனி சோதனை. ஸ்பீக்கர்களை நெருக்கி வையுங்கள். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இடைவெளி சுமார் 90 செ.மீ. போதும். நடுவே ஒற்றைக் கட்டில் மெத்தையை நீளவாக்கில், ஒரு முனை ஸ்பீக்கர் பக்கமும் மறுமுனை உங்கள் மூக்குக்கு நேரேயும் வருமாறு பக்கவாட்டில் நிறுத்துங்கள். அதன் உயரம் மூன்றடிதான் இருக்கும். ஆகவே ஸ்பீக்கரையும் தாழ்வாக வைத்து, நீங்களும் தரையில் உட்காருங்கள். எந்தப் பெட்டியும் செய்ய முயல்வதை மெத்தை தன் உடம்பால் செய்துவிடும். நான் முதலில் சோம்பல்பட்டுக் கோரைப்பாயை நிறுத்திப் பார்த்தேன். ஒலி தாராளமாகக் கசிந்தது. மெத்தையை இழுத்து வந்த பிறகுதான் மேடை விரிந்தது. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

மெத்தை பிடித்திருந்தால் அடுத்தது லேப்டாப். விண்டோஸ் என்றால் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ என்ற மென்பொருள் இலவசம். ஒரு பக்க ஒலியை எடுத்துத் தலைகீழாக்கி, இரண்டு மூன்று டெசிபல் குறைத்து, 68 மைக்ரோ விநாடி பிந்தி மறுபக்கத்தில் கலக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது சரியாக மூன்று சாம்பிள் (ஒரு விநாடி ஒலியை 44,100 துண்டாக்கியதில் மூன்று துண்டு). சங்கிலி முழுவதும் இதில் வராது, சில கண்ணிகளைக் கையால் எழுதலாம். இந்தக் கலப்பு 250 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் இருக்கட்டும். அதற்குக் கீழே இரண்டு காதுக்கும் போகும் ஒலி ஏறக்குறைய ஒன்றேதான். அங்கே அழிக்கப் போனால் பேஸும் (தாழ்ந்த ஒலியும்) சேர்ந்து அழியும், அதை ஈடுகட்ட ஆம்ப் மூச்சு வாங்கும். மேலே போனால் 5,000 ஹெர்ட்ஸில் அலையின் நீளமே ஏழு செ.மீ.க்குள்தான். தலையைச் சற்று சாய்த்தாலே கணக்கு தப்பிவிடும்.

உங்கள் அறையையும் பாருங்கள். கடையின் டெமோ அறையில் கம்பளம், சுவரில் பஞ்சுப் பலகை எல்லாம் இருந்திருக்கும். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் பூச்சு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இந்தக் கணக்கில் சேராது, அழித்த இடத்தையெல்லாம் அதுவே மறுபடி நிரப்பிவிடும். பவானி ஜமுக்காளம் அழகுதான், ஆனால் மெல்லியது. தடித்த திரையும் கனமான கம்பளமும் பக்கச் சுவரில் நிறைந்த புத்தக அலமாரியும் உதவும். இவற்றுக்குச் செலவழித்த காசு, பெட்டி வாங்காவிட்டாலும் வீணாகாது.

எந்தப் பாட்டில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1950, 60களின் சினிமாப் பாடல்கள் பெரும்பாலும் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி), அவற்றில் விரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வாத்தியத்தை முழுக்க ஒரே பக்கம் ஒதுக்கிய ஸ்டீரியோ பதிவுகளில் அது காதோரம் கொசு மாதிரி ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஜோடி மைக்கில் இயல்பாக எடுத்த பதிவுகளும், செயற்கைத் தலையின் காதில் மைக் வைத்து எடுத்தவையும்தான் இதற்கென்றே பிறந்தவை. கடைக்காரர் எதைப் போட்டுக் காட்டினார் என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் தாராளமாக வாங்குங்கள். பெட்டியை இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தரச் சொல்லுங்கள், முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லும், பழுது பார்ப்பது இந்தியாவிலா வெளிநாட்டிலா என்பதும் தெளிவாக இருக்கட்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: என் ஆம்ப் விவரக்குறிப்பில் கிராஸ்டாக் மைனஸ் 80 டெசிபல் என்று போட்டிருக்கிறது. எனக்கு இந்தப் பெட்டி எதற்கு?

பதில்: அது ஆம்புக்குள் மின்சாரத்தில் நடக்கும் கசிவு. இங்கே பேசுவது அறைக் காற்றில் நடப்பது. எவ்வளவு உயர்ந்த ஆம்ப் வாங்கினாலும் இது குறையாது.

கேள்வி: நானும் மனைவியும் சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். இருவருக்கும் இது வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. சரியான இடம் ஒரே ஒரு நாற்காலிதான். பக்கத்தில் உட்காருபவருக்கு ஒலி கொஞ்சம் விசித்திரமாகக்கூடக் கேட்கலாம். ஸ்பீக்கர்களை நெருக்கி வைத்த அமைப்பில், ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இருவருக்கும் ஓரளவு கிடைக்கும். சோபாவை விட்டு ரயில் வண்டி விளையாட்டு மாதிரி உட்கார அவர் சம்மதித்தால் முயன்று பாருங்கள்.