கனடாவில் பழகிய ஒருவர் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

கனடாவில் பதினைந்து வருடங்களாகக் கார் ஓட்டி வருவதாகவும், இம்முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு மாதத்துக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க எண்ணியிருப்பதாகவும், ஊரிலுள்ள உறவினர் எல்லோரும் ஒரே குரலில் 'அந்த விளையாட்டு வேண்டாம்' என்று தடுப்பதன் காரணம் விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோண்டாவிலில் குடியிருந்து, நகரில் வேலை பார்த்து, நாளுக்கு இருமுறை பலாலி வீதியால் போய்வருகிறவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

எடுக்கலாம். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பதினைந்து வருட ஒழுக்கம்தான் கவலையாக இருக்கிறது. முன்னால் போகிறவர் வலப்பக்கச் சிக்னலைப் போட்டால் வலப்பக்கம் திரும்புவார் என்று நம்புகிற பழக்கம் உங்களுக்கு ஊறிப்போயிருக்கும். இங்கே அந்த விளக்கு, அவர் காலையில் சுன்னாகத்தில் திரும்பியபோது போட்டு, பிறகு மறந்துபோனதாக இருக்கலாம். நீங்கள் மரியாதையாகப் பின்னால் காத்திருப்பீர்கள். அவர் திருநெல்வேலிச் சந்தையையும் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருப்பார்.

யாழ்ப்பாணத்து வீதிகளை விளங்கிக்கொள்ள ஒரு விடயம் தெரிந்தால் போதும். நாங்கள் எதில் ஏறினாலும் சைக்கிள்தான் ஓட்டுகிறோம். 1990இல் போர் மீண்டும் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் அருமருந்தாயிற்று. ஓடிய சில பழைய ஏ-40 கார்களும், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டு, தாம் போய்ச் சேர்ந்த பிறகும் தெருவில் புகையை விட்டுச் சென்றன. மற்றதெல்லாம் சைக்கிள்தான். பாடசாலைக்கும் சந்தைக்கும் போனது சைக்கிளில். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சைக்கிளில். மின்சாரம் இல்லாத இரவுகளில் வானொலிச் செய்தி கேட்பதற்குக்கூடச் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவால் உயிர் கொடுத்தோம். என்னுடைய தலைமுறை வீதியைக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

சைக்கிள்களுக்கு மட்டுமேயான ஒரு வீதியில் என்ன சட்டம் தேவை? நான்கு பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு போகலாம். நினைத்த இடத்தில் திரும்பலாம். எதிரே வருகிறவரின் கண்ணைப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் விலத்துவார் என்று தெரிந்துவிடும். மீறி மோதிக்கொண்டால், முன் சில்லை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து, திரும்பிப்போன ஹான்டிலை நேராக்கி, 'அம்மா சுகமோ?' என்று ஒருவரையொருவர் விசாரித்துவிட்டுப் போகலாம். 2009இல் போர் முடிந்த பிறகு வீதிகளுக்குக் காபெற் போட்டார்கள். அதுவரை எங்கள் வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்த குழிகள் ஒரேயடியாகப் பதவி இழந்தன. லீசிங் முறையில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிளின் கீழே இயந்திரம் முளைத்ததே தவிர, மேலே இருந்தவர் மாறவில்லை.

என் பெரியப்பாவை உதாரணம் காட்டுவது குடும்பத்துக்கு அழகல்லவென்றாலும், அவரைப் போல் இதை விளக்க வேறு யாரும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய அவர், தமது வீட்டு ஒழுங்கைக்கு இருநூறு யார் தூரம் இருக்கும்போதே வீதியின் வலப்பக்கத்துக்குப் போய்விடுவார். சட்டப்படி இந்நாட்டில் இடப்பக்கம் ஓட்டவேண்டும். பெரியப்பாவின் சட்டப்படி, வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓட்டவேண்டும். எதிரே வருகிற பட்டா என்கிற சின்ன லொறிக்காரன் கோணை (ஹோர்னை) அமத்திக்கொண்டு மறுபக்கத்துக்கு விலகுவான். அது தமக்குச் சொன்ன வணக்கம் என்று இவர் தலையை அசைப்பார். ஒருநாள் பின் இருக்கையில் இருந்த நான், பொறுக்க முடியாமல், "பெரியப்பா, ஒரு சிக்னலாவது போடலாம்தானே?" என்று கேட்டேன். அவர் வண்டியை நடு வீதியிலேயே நிறுத்தி, முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ன கதை கதைக்கிறாய் மோனை? நாப்பது வரியமா நான் இதாலதான் திரும்பிறனான். ஊர்ச்சனம் எல்லாருக்கும் தெரியும்."

சிக்னல் என்பது ஊரறியாதவர்கள் செய்கிற வேலை என்பது அவருடைய கட்சி. அதை மறுக்க எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

அடுத்து நீங்கள் அஞ்சவேண்டியது ஒழுங்கைகளை. முன்பு கிடுகு வேலிகள் இருந்தன. வேலிக்கு அப்பால் யாராவது வந்தால் பொட்டுக்கால், அதாவது வேலி ஓட்டையால், தெரியும், இல்லாவிட்டால் சைக்கிளின் மட்கார்ட் ஆடுகிற சத்தமாவது கேட்கும். இப்போது அந்த இடங்களில், உங்களைப் போன்றவர்கள் அனுப்பிய பணத்தில் (குறை சொல்லவில்லை), ஏழடி மதில்கள் வீதி விளிம்புவரை வந்து நிற்கின்றன. அவற்றின் இடையிலிருந்து ஸ்கூட்டிகள், எய்தவர் யாரென்று தெரியாத அம்புகளைப் போல, எந்நேரமும் புறப்படும். கடந்த வருடம் இணுவில் பக்கம் அப்படியொன்றுக்காகப் பிரேக் அடித்து, வீதியோர மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்கை தேய்ந்தது, மோட்டார் சைக்கிளின் வலப்பக்கக் கண்ணாடி உடைந்தது. ஸ்கூட்டியில் வந்த அம்மா எனக்காக உண்மையிலேயே பதறினார், தம்முடைய தண்ணீர்ப் போத்தலால் காயத்தைக் கழுவினார், பிறகு மிகுந்த கனிவோடு கேட்டார்: "ஏன் தம்பி இப்பிடி வேகமா வாறனீங்கள்? நான் வாறது தெரியேல்லையோ?" மதிலைக் காட்டினேன். அவர் மதிலைப் பார்த்தார். "அது எங்கட மதில்தான்" என்றார்.

தலைக்கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் பயன்பாடும் சுருக்கமானதுதான். பிரதான வீதியில் தலையில் இருக்கும். உள்வீதிக்குத் திரும்பியதும் முழங்கைக்கு இறங்கும். திரும்பி வரும்போது அதற்குள் அரைக் கிலோ கத்தரிக்காய் இருக்கும். எதிரே வருகிறவர்கள் பகலில் முன்விளக்கை இரண்டுதரம் மின்னினால் அடுத்த முடக்கில் போக்குவரத்துப் பொலிஸார் நிற்கிறார்கள் என்று பொருள். அப்போது கத்தரிக்காய் பெற்றோல் தாங்கியின் மேல் மாறும்.

ரயில் கடவைகளில் மட்டும் சிரிப்புக் கொஞ்சம் குறைகிறது. 1990இல் நின்றுபோன ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014இல். காங்கேசன்துறைவரை மறு வருடம் போனது. இடையிலே தண்டவாளம் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. இருபத்துநான்கு வருடங்களாக ரயிலைக் காணாத மக்களுக்கு, இரு பக்கமும் பார்த்துக் கடக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? படலை போடுகிற கடவைகளிலோ வேறு கூத்து நடக்கும். படலை விழுந்ததும் பின்னால் வருகிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை; வெற்றிடமாகத் தெரிகிற வலப்பக்கத்தையும் நிரப்புவார்கள். அங்காலும் அதே கதை. ரயில் போய்ப் படலை எழும்பும்போது, குருஷேத்திரத்தில் போல இரு சேனைகள் வீதியின் முழு அகலத்துக்கும் நேருக்கு நேர் நிற்கும். கீதை சொல்ல ஆளில்லாததால் எல்லோரும் கோண் அடிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவரையொருவர் உரசாமல் எப்படியோ கலைந்தும் போவார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த நெருக்கத்தில் ஒருவர்கூடக் கோபப்பட்டு நான் கண்டதில்லை, பாதிப்பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்பதால்.

சைக்கிள் மனம் இல்லாத ஒரே இனம் மினிபஸ் சாரதிகள். 750ஆம் இலக்க வழியில், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு, முன்னால் போகிற சிவப்பு நிற அரச பேருந்தைப் பிடிப்பதற்காக அவர்கள் ஓடுகிற ஓட்டத்தை வல்லை வெளியில் பார்க்கவேண்டும். இருபுறமும் வெட்டவெளி, குறுக்கே அடிக்கிற காற்று, ஒரு வீடும் இல்லை, ஏற ஒரு ஆளும் இல்லை; ஆனால் நெல்லியடியில் நிற்கிற பத்துப் பேரை யார் முதலில் ஏற்றுவது என்பது அந்த வெளியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. உள்ளே சாரதியின் தலைக்கு மேல் பிள்ளையாரும் முருகனும் மாதாவும் ஒரே மின்குமிழின் ஒளியில் இருப்பார்கள். கீழே தேசிக்காய் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். நடத்துனர் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கியபடி, மூச்சு விட இடமில்லாத கூட்டத்தைப் பார்த்து, "பின்னுக்குப் போங்கோ அண்ணை, பந்து விளையாடலாம்!" என்று சொல்வார்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்ட காலத்தில், தென்னிலங்கை திகைத்து நின்றபோது, எங்கள் ஆட்கள் தாழ்வாரத்தில் கிடந்த லுமாலா சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, மறுநாளே ஏறிவிட்டார்கள். பெரியப்பாவும் ஏறினார். அந்த மாதங்களில் அவர் வலப்பக்கத்தால் போனதை யாரும் குறையாகவே எண்ணவில்லை, ஏனெனில் அவர் மோட்டார் சைக்கிளில் செய்த அதே காரியம் சைக்கிளில் முற்றிலும் நியாயமாக இருந்தது.

ஆகையால், வாடகைக்கு எடுப்பதென்றால் முதல் வாரம் சைக்கிளை எடுங்கள். திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால் மோட்டார் சைக்கிள் அங்கே எப்படியும் பயன்படாது. அந்த ஒரு வாரத்தில், சிக்னல் விளக்கைப் பார்க்காமல் முன்னால் போகிறவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், இரண்டாம் வாரம் மோட்டார் சைக்கிளுக்கு மாறலாம். பருத்தித்துறைக்குப் போவதென்றால் 750இல் ஏறிப் போங்கள். முன் ஆசனத்தில் மட்டும் இருக்கவேண்டாம், அங்கிருந்து எல்லாம் தெரியும்.